நிறம் மாறிய அட்ரினலின்

மருத்துவமனை அவசரப் பிரிவின் மருந்துத் தட்டில் எந்நேரமும் தயாராக இருக்கும் மருந்துகளில் அட்ரினலின் ஒன்று. ஒரு மில்லி கொள்ளும் சிறிய கண்ணாடி ஆம்பூல். அதற்குள் ஒரு மில்லிகிராம் மருந்து. வெளிச்சம் படக்கூடாது என்பதற்காகப் பெரும்பாலும் பழுப்புக் கண்ணாடியில் அடைத்திருப்பார்கள். அனுபவமுள்ள செவிலியர் மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றியதும் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கணம் பார்ப்பார். திரவம் தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்போ பழுப்போ தட்டியிருந்தால் அது நோயாளிக்குப் போகாது, குப்பைக்குத்தான் போகும்.

ஆக்சிஜன் பட்டு ஆம்பூலுக்குள் இந்த நிறமாற்றம் நடக்காமல் தடுக்க சோடியம் மெட்டாபைசல்பைட் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். நம் உடலுக்குள்ளும் இதே அட்ரினலின் சுரக்கிறது. அங்கேயும் ஆக்சிஜன் இருக்கிறது. அந்த மாற்றத்தை விரைவுபடுத்தும் இரும்பும் தாமிரமும் இருக்கின்றன. அங்கே அட்ரினலின் நிறம் மாறினால் என்ன ஆகும்? குறிப்பாக, ஓய்வே அறியாத இதயத் தசையில் என்ன ஆகும்? அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் தொடர்ந்து கேட்டுவரும் கேள்வி இது. அதற்குக் கிடைத்த விடை, மன அழுத்தம் இதயத்தைக் கொல்லும் வழியைப் பற்றிய நம் புரிதலையே ஆழப்படுத்தியிருக்கிறது.

நிறத்தால் அறியப்பட்ட ஹார்மோன்

அட்ரினலினை உலகம் முதலில் அறிந்ததே நிறத்தின் வழியாகத்தான். 1856-ல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் வுல்பியான் என்ற மருத்துவர், சிறுநீரகங்களுக்கு மேலே அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதிச் சாற்றில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தார். சாறு பச்சையானது. அயோடினைச் சேர்த்தபோது ரோஜா நிறம் வந்தது. சுரப்பியின் வெளிப்பகுதியில் இந்த மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் சுரப்பியிலிருந்து வெளியேறும் இரத்தத்தில் அதே நிறம் தெரிந்தது. உட்பகுதியில் ஒரு தனிப் பொருள் உருவாகி இரத்தத்தில் கலக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அந்தப் பொருளை 1900-ல் நியூயார்க்கில் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினேயும் அவருடைய உதவியாளர் கெய்சோ உவெனகாவும் தூய படிகங்களாகப் பிரித்தெடுத்தார்கள். மனிதர் கையில் தூய வடிவில் கிடைத்த முதல் ஹார்மோன் அதுவே. 1937-ல் டேவிட் கிரீன், டெரெக் ரிக்டர் என்ற இருவர், அட்ரினலின் ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் சிவப்புப் பொருளை ஆராய்ந்து விவரித்தார்கள். அதன் பெயர் அட்ரினோகுரோம்.

நடக்கும் வேதிவினை இதுதான். அட்ரினலின் மூலக்கூறில் ஆறு கார்பன்கள் கொண்ட ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையத்தில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. இந்த அமைப்பு எலெக்ட்ரான்களை எளிதில் இழந்துவிடும். இழந்ததும் வளையம் குயினோன் என்ற வடிவத்துக்கு மாறுகிறது. பக்கவாட்டில் நீளும் நைட்ரஜன் வால் மடங்கி வந்து வளையத்தோடு பிணைகிறது. பின்னர் இன்னும் இரண்டு எலெக்ட்ரான்கள் கழல்கின்றன. மொத்தத்தில் நான்கு ஹைட்ரஜன்களை இழந்து, இரண்டு வளையங்கள் ஒட்டிய ஒரு புதிய மூலக்கூறு பிறக்கிறது.

நம் சமையலறையில் இதன் நெருங்கிய உறவு ஒன்று தினமும் நடக்கிறது. நறுக்கி வைத்த வாழைக்காய் சற்று நேரத்தில் கறுத்துவிடுகிறது அல்லவா? அட்ரினலினுக்கு மிக நெருங்கிய உறவான டோபமைன் வாழைக்காயில் நிறையவே இருக்கிறது. நறுக்கும்போது செல்கள் உடைந்து, ஒரு நொதியின் துணையோடு அந்த டோபமைன் ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் குயினோனாகவும் பிறகு கறுப்பு நிறமியாகவும் மாறுகிறது. நறுக்கிய துண்டுகளை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காமல் இருப்பது, அந்த நொதியைப் புளிப்பு முடக்கிவிடுவதால்.

இந்த வினையில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. அட்ரினலின் இழக்கும் எலெக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொண்டால் சூப்பர் ஆக்சைடு என்ற வீரியமிக்க வடிவம் உண்டாகிறது. அந்தச் சூப்பர் ஆக்சைடே அடுத்த அட்ரினலினை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. வினை தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. 1972-ல் ஹரா மிஸ்ராவும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் இந்தக் குணத்தையே ஒரு சோதனை முறையாக மாற்றினார்கள். ஒரு திசுச் சாறு அட்ரினலின் சிவப்பதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்தால், அதில் சூப்பர் ஆக்சைடை அழிக்கும் நொதி எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

கால்சியம்: ஒவ்வொரு துடிப்பின் கட்டளை

நிறம் மாறிய ஹார்மோன் எங்கே போய்த் தாக்குகிறது என்பதை அறிய, முதலில் இதயத் துடிப்பில் கால்சியத்தின் பங்கைப் பார்க்க வேண்டும்.

1882-ல் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளை இதயத்தை உடலுக்கு வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். அது பல மணி நேரம் துடித்தது. ஆனால் காய்ச்சி வடித்த நீரில் கரைசலைத் தயாரித்தபோது துடிப்பு தளர்ந்து நின்றுவிட்டது. முதலில் பயன்பட்ட கரைசல் லண்டன் குழாய்த் தண்ணீரில் தயாரானது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. குழாய்த் தண்ணீரில் இருப்பதும் வடித்த நீரில் இல்லாததும் கால்சியம். சிறிதளவு கால்சியத்தைச் சேர்த்ததும் இதயம் மீண்டும் துடித்தது. 1883-ல் ரிங்கர் இதை வெளியிட்டார்.

இதயச் செல்லுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு, ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் இருப்பதைப் போல் சுமார் 10,000 மடங்கு. மின்துடிப்பு செல்லின் சவ்வில் பரவும்போது சிறிதளவு கால்சியம் உள்ளே நுழைகிறது. அந்தச் சிறு வரவு, செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கைத் திறந்துவிடுகிறது. ரயனோடின் ஏற்பி என்ற புரதத்தின் வழியாகக் கிடங்கிலிருந்து கால்சியம் பாய்கிறது. செல்லுக்குள் அதன் செறிவு சுமார் பத்து மடங்கு உயர்கிறது. தசை இழைகள் சுருங்குகின்றன. இதயம் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது.

அடுத்த துடிப்புக்கு முன் அவ்வளவு கால்சியமும் அப்புறப்படுத்தப்பட வேண்டும். கிடங்கின் சவ்வில் இருக்கும் பம்புப் புரதம், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை, இரண்டு கால்சியம் அயனிகளுக்கு ஒரு மூலக்கூறு என்ற கணக்கில் செலவிட்டு கால்சியத்தை மீண்டும் கிடங்கில் ஏற்றுகிறது. மீதி சோடியம்-கால்சியம் பரிமாற்றி வழியாகச் செல்லுக்கு வெளியே போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை இது நடக்கிறது.

சுருங்குவதற்குத்தான் இதயம் பாடுபடுகிறது, விரிவது தானாக நடக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் விரிவதற்கும் ஆற்றல் வேண்டும். கால்சியத்தை அகற்ற ஏ.டி.பி. இல்லையென்றால் தசை சுருங்கிய நிலையிலேயே இறுகிவிடும். இறந்த உடல் விறைப்பதற்கும் காரணம் ஏ.டி.பி. தீர்ந்துபோவதுதான். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாக் கேடுகளும் கடைசியில் இந்த ஓர் இடத்தில்தான் வந்து முடிகின்றன. ஆகவே இதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியாவின் இரட்டைப் பொறுப்பு

மனித இதயம் ஒரு நாளில் உற்பத்தி செய்து செலவிடும் ஏ.டி.பி.யின் எடை 6 கிலோவுக்கும் அதிகம். ஆனால் எந்த நொடியிலும் அதன் கையிருப்பு சில நொடிகளுக்கு மட்டுமே போதும். செலவாகச் செலவாகப் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் இதயச் செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, ஏ.டி.பி.யைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் நிறைத்திருக்கின்றன.

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு வழியாக எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிச் சென்று ஆக்சிஜனை அடைகின்றன. அந்தப் பயணத்தில் விடுபடும் ஆற்றலால் புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. உட்சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே சுமார் 180 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது, உட்புறம் எதிர்மின். அந்த அழுத்தத்தைக் கொண்டே ஏ.டி.பி. தயாராகிறது.

உட்புறம் எதிர்மின் என்பதால், நேர்மின் கொண்ட கால்சியம் அயனிகளை அது உள்ளே ஈர்க்கும். மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை உள்வாங்கும் என்பது 1961-62-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் எந்தப் புரதத்தின் வழியாக என்று கண்டுபிடிக்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. 2011-ல் இத்தாலியின் பாதுவா நகரில் ரோசாரியோ ரிசூட்டோவின் குழுவும், அமெரிக்காவின் பாஸ்டனில் வம்சி மூத்தாவின் குழுவும் ஒரே சமயத்தில் அந்தக் கால்சியக் கடத்திப் புரதத்தை அடையாளம் கண்டன.

மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கால்சியம் ஏன் வேண்டும்? உள்ளே நுழையும் சிறிதளவு கால்சியம், எரிபொருளை உடைக்கும் மூன்று முக்கிய நொதிகளைத் தூண்டிவிடுகிறது. வேகமாகத் துடிக்கும் இதயத்தில் கால்சியப் போக்குவரத்து கூடுகிறது. அதே கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் ஏ.டி.பி. உற்பத்தியையும் கூட்டிவிடுகிறது. வேலை கூடும்போது கூலியும் தானாகக் கூடுகிறது. இயற்கையின் அருமையான ஏற்பாடு இது.

ஆனால் அளவு முக்கியம். உள்ளே வந்த கால்சியம் சோடியத்துக்குப் பரிமாற்றமாக மெதுவாகத்தான் வெளியேறும். வரவு மிகுந்து வெளியேற்றம் பின்தங்கினால் கால்சியம் உள்ளே தேங்கும். பாஸ்பேட்டோடு சேர்ந்து திரண்ட பொருக்காகப் படியும். நோயுற்ற இதயத்தின் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்போது, வீங்கிய மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கரும்புள்ளிகளாகத் தெரிபவை இத்தகைய படிவுகள்தான்.

நல்ல தூதன், அதன் கெட்ட எச்சம்

அட்ரினலின் தன்னளவில் கெட்டதல்ல. அச்சமோ கோபமோ வரும்போது அது இதயச் செல்லின் சவ்வில் உள்ள பீட்டா ஏற்பியில் பொருந்துகிறது. செல்லுக்குள் ஒரு சங்கிலித்தொடர் சமிக்ஞை கிளம்புகிறது. கூடுதல் கால்சியம் நுழைகிறது, கிடங்கிலிருந்தும் கூடுதலாகப் பாய்கிறது, பம்பும் வேகமாக இயங்குகிறது. துடிப்பு விரைவாகவும் வலுவாகவும் ஆகிறது. ஆபத்து நீங்கியதும் நொதிகள் ஹார்மோனைச் சிதைத்துவிடும். செல்லின் உள்திரவத்தில் ஒன்றும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஒன்றுமாக இருவகை நொதிகள் இந்தப் பணியைச் செய்கின்றன. சமிக்ஞை அணைகிறது, இதயம் தணிகிறது.

அளவு மீறும்போது நடப்பது வேறு. 1959-ல் மாண்ட்ரியாலில் ஜார்ஜ் ரோனாவும் சகாக்களும், அட்ரினலினை ஒத்த ஐசோப்ரொட்டரினால் என்ற செயற்கை மருந்தை அதிக அளவில் எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளின் இதயத் தசையில், மாரடைப்பு வந்ததைப் போல, செத்துப்போன திட்டுகள் உண்டாயின. ஆனால் இதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு இல்லை. குழாய் திறந்திருக்கும்போதே தசை செத்தது எப்படி?

இதயத்தை அளவுக்கு மீறி வேலை வாங்கியதால் ஆக்சிஜன் போதவில்லை என்பது ஒரு விளக்கம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கென்ஸ்டைன் மேலும் ஒரு படி போனார். செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுவதும், அதை அகற்ற முயன்று ஏ.டி.பி. தீர்ந்துபோவதும்தான் சாவுக்குக் காரணம் என்றார். வெராபமில் போன்ற, கால்சியம் நுழைவதைத் தடுக்கும் மருந்துகள் எலிகளின் இதயத்தைக் காத்தன. இன்று இரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் பயன்படும் ஒரு மருந்துக் குடும்பமே அவர் தொடங்கிய அந்த ஆய்வில் வேர்விட்டது.

மூன்றாவது விளக்கம் கனடாவின் வின்னிபெக் நகரிலிருந்து வந்தது. பஞ்சாபில் பிறந்து மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த நரஞ்சன் தல்லாவும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள்: தாக்குவது ஹார்மோனா, அல்லது ஹார்மோன் ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகு உண்டாகும் பொருளா?

சோதனை இப்படி நடக்கும். எலியின் இதயத்தை எடுத்து, அதன் மகாதமனி வழியாகக் கண்ணாடிக் குழாயில் தொங்கவிடுவார்கள். உடல் வெப்பத்தில், ஆக்சிஜன் நிறைந்த, குளுக்கோஸ் கலந்த உப்புக் கரைசல் குழாய் வழியாக இதயத்தின் தமனிகளுக்குள் போய்க்கொண்டே இருக்கும். மூளையும் நரம்பும் இரத்தமும் இல்லாமல் இதயம் தன்பாட்டில் துடிக்கும். அதன் நுனியில் கட்டிய நூல், ஒவ்வொரு சுருக்கத்தின் விசையையும் பதிவுக்கருவிக்குக் கொண்டுபோகும். கரைசலில் எந்தப் பொருளைக் கலந்தாலும் அதன் விளைவைக் கண்ணால் காணலாம்.

1975-ல் தல்லாவும் அவருடைய குழுவைச் சேர்ந்த யேட்ஸும் வெளியிட்ட முடிவு: ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் மாறிய ஐசோப்ரொட்டரினாலைச் செலுத்தியபோது இதயத்தின் விசை சரிந்தது, செல்கள் செத்தன. புதிதாகக் கரைத்த மருந்து அப்படிக் கொல்லவில்லை. 1981-ல் அட்ரினோகுரோமையே நேரடியாகச் செலுத்திப் பார்த்தபோதும் சுருங்கும் திறன் குன்றியது, திசு சிதைந்தது. ஒரே ஹார்மோன்தான், நான்கு ஹைட்ரஜன்களை இழந்ததும் அதன் குணம் முற்றிலும் மாறிவிடுகிறது.

தாக்குதல் நடக்கும் இடம்

தூய அட்ரினலினுக்கு ஏற்பி வேண்டும். அட்ரினோகுரோமுக்கு ஏற்பி தேவையில்லை. அது இரண்டு வழிகளில் கேடு செய்கிறது.

முதல் வழி, புரதங்களின் கந்தக முனைகளைத் தாக்குவது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு தொகுதி இருக்கிறது. அட்ரினோகுரோமைப் போன்ற குயினோன்கள் இந்தக் கந்தகத்தோடு ஆவலாக வினைபுரியும். கால்சியத்தைக் கையாளும் புரதங்கள் பலவற்றுக்கு இந்தக் கந்தக முனைகள்தான் உயிர்நாடி. கிடங்கில் கால்சியத்தை ஏற்றும் பம்பின் கந்தக முனைகள் கெட்டால் அது தளரும். ரயனோடின் ஏற்பியின் கந்தக முனைகள் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அது மூடவேண்டிய நேரத்திலும் கசியும். ஏற்றுவது குறைகிறது, கசிவது கூடுகிறது. இரண்டும் சேர்ந்து, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே செல்லில் கால்சியம் தங்கிவிடுகிறது.

இரண்டாவது வழி, சுழற்சி. மைட்டோகாண்ட்ரியாவின் எலெக்ட்ரான் பாதையிலிருந்து அட்ரினோகுரோம் ஒரு எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். உடனே அதை ஆக்சிஜனுக்குக் கொடுத்துச் சூப்பர் ஆக்சைடை உண்டாக்கிவிட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். மறுபடியும் ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கும். ஒரே மூலக்கூறு தான் தீராமலே பலமுறை நச்சை உண்டாக்க முடியும். ஏ.டி.பி. தயாரிப்புக்குப் போக வேண்டிய எலெக்ட்ரான்கள் இப்படித் திருட்டுப்போகின்றன. செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளும் இந்த நச்சை அடக்குவதிலேயே செலவாகித் தீர்கிறது.

வின்னிபெக் குழுவினர் எலி இதயத்திலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்து அட்ரினோகுரோமைச் சேர்த்தும் பார்த்தார்கள். கால்சியத்தைத் திரட்டி வைக்கும் அதன் திறன் குறைந்தது. ஏ.டி.பி. தயாரிக்கும் வினையும் கெட்டது.

இந்த இடத்தில் கவனமுள்ள வாசகருக்கு ஒரு கேள்வி எழும். மைட்டோகாண்ட்ரியாவால் கால்சியத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால், அதிகக் கால்சியத்தால் மைட்டோகாண்ட்ரியா சாகிறது என்பது எப்படிப் பொருந்தும்? விடை கொள்திறனில் இருக்கிறது. பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் நாம் அளப்பது அது தாங்கக்கூடிய அளவை. முழு செல்லில் அதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது: பம்பு தளர்ந்து, கிடங்கு கசிந்து, வெளியே கால்சியம் பெருகிக்கொண்டிருக்கிறது. தாங்கும் திறன் குறைந்த வேளையில் வரவு கூடுகிறது. ஆரோக்கியமான மைட்டோகாண்ட்ரியா சமாளித்துவிடும் அளவே இப்போது அதைக் கொன்றுவிடப் போதுமானது.

கொல்வது எது என்பதும் தெரிந்ததே. 1979-ல் ஹண்டர், ஹாவொர்த் என்ற இருவர், கால்சியம் மிகுந்த மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு பெரிய துளை திறப்பதை விவரித்தார்கள். 1,500 டால்டன் எடை வரையுள்ள எந்த மூலக்கூறும் அதன் வழியாகப் போய்வரலாம். பிறகு, உறுப்பு மாற்று சிகிச்சையில் பயன்படும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து இந்தத் துளையைத் திறக்கவிடாமல் தடுக்கிறது என்பதை மார்ட்டின் கிராம்ப்டன் இதய மைட்டோகாண்ட்ரியாவில் காட்டினார். துளை திறப்பதற்கு உதவும் சைக்ளோஃபிலின்-டி என்ற புரதம் இல்லாத எலிகளை 2005-ல் வெவ்வேறு குழுக்கள் உருவாக்கின. மாரடைப்பைத் தூண்டியபோது அந்த எலிகளின் இதயத்தில் செத்த திசு கணிசமாகக் குறைந்திருந்தது.

அந்தத் துளையைத் திறக்கும் சூழல் எது? உள்ளே கால்சியம் மிகுதி, ஆக்சிஜனேற்ற நச்சு மிகுதி, கந்தக முனைகளின் சேதம், ஏ.டி.பி. குறைவு. நிறம் மாறிய அட்ரினலின் இவை நான்கையும் ஒருங்கே கொண்டுவருகிறது.

துளை திறந்ததும் 180 மில்லிவோல்ட் சரிந்துவிடுகிறது. ஏ.டி.பி.யைத் தயாரித்துவந்த நொதியே திசைமாறி, இருக்கும் ஏ.டி.பி.யையும் உடைக்கத் தொடங்குகிறது. தேக்கி வைத்த கால்சியம் வெளியே கொட்டி அண்டையிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவையும் தாக்குகிறது. பம்புகளுக்கு ஆற்றல் இல்லை. தசை இழைகள் சுருங்கிய நிலையிலேயே ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி இறுகுகின்றன. நுண்ணோக்கியில் அவை செல்லின் குறுக்கே அடர்ந்த பட்டைகளாகத் தெரியும். அதிக அட்ரினலினால் செத்த இதயத் தசைக்கு நோயியல் வல்லுநர்கள் பார்க்கும் அடையாளம் அந்தப் பட்டைகள்தான்.

மனித இதயத்தில்

எலி இதயத்தில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா? சில நிலைகளில் மனித இதயமும் அட்ரினலின் வெள்ளத்தில் மூழ்குகிறது. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி, இந்த ஹார்மோன்களைக் கட்டுப்பாடின்றிச் சுரந்து இதயத் தசையைச் சிதைப்பது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்ததே. மாரடைப்பின்போது இரத்தம் கிடைக்காத பகுதியில் நரம்பு முனைகளிலிருந்து, அட்ரினலினுக்கு நெருங்கிய உறவான நார்அட்ரினலின் கொட்டுகிறது. அங்கே அதன் செறிவு, இரத்தத்தில் வழக்கமாக இருப்பதைப் போல் 100 முதல் 1,000 மடங்கு வரை உயரும் என்று ஜெர்மானிய ஆய்வாளர் ஆல்பர்ட் ஷோமிக் காட்டினார். அடைப்பு நீங்கி ஆக்சிஜன் திரும்பிப் பாயும்போது சூப்பர் ஆக்சைடும் பெருகுகிறது. வெள்ளை அணுக்களும் அங்கே வந்து குவிகின்றன. அட்ரினலினை அட்ரினோகுரோமாக மாற்றும் திறன் அவற்றுக்கும் உண்டு.

1990-ல் ஜப்பானின் ஹிரோஷிமா மருத்துவர்கள் ஒரு தனிவகை இதயப் பாதிப்பை விவரித்தார்கள். கடும் துயரம் அல்லது அதிர்ச்சிக்குப் பிறகு, தமனியில் அடைப்பே இல்லாமல் இதயத்தின் அடிநுனி செயலிழந்து உப்பிவிடும். தகோட்சுபோ என்று அதற்குப் பெயர். 2004 அக்டோபரில் நீகாதா பகுதியில் நிலநடுக்கம் தாக்கியபோது அங்கே இந்நோயாளிகளின் எண்ணிக்கை சட்டென உயர்ந்தது. 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இத்தகைய 19 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 18 பேர் பெண்கள். சாதாரண மாரடைப்பு நோயாளிகளின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பலமடங்கு அட்ரினலின் இவர்கள் இரத்தத்தில் இருந்தது. திசுச் சோதனையில் மேலே சொன்ன அதே பட்டைகளும் தென்பட்டன.

இவை எல்லாவற்றிலும் அட்ரினோகுரோம் மட்டுமே குற்றவாளி என்று சொல்வது அறிவியல் ஆகாது. அது நிலையற்ற பொருள். பிறந்த சற்று நேரத்தில் வேறொன்றாக மாறிவிடும். உயிருள்ள இதயத்தில் அதைப் பிடித்து அளப்பது கடினம். ஏற்பி வழியாக வரும் கால்சிய வெள்ளம், ஆக்சிஜன் தட்டுப்பாடு, நுண்குழாய்ச் சுருக்கம் ஆகியவையும் சேர்ந்தே கேடு செய்கின்றன. அட்ரினலின் தன் ஏற்பியின் வழியாகக் கால்சியத்தைக் கூட்டுகிறது. அதன் ஆக்சிஜனேற்ற எச்சம் அந்தக் கால்சியத்தைச் சமாளிக்கும் உறுப்புகளைக் குலைக்கிறது. இரண்டு திசைகளிலிருந்தும் அடி விழுவது மைட்டோகாண்ட்ரியாவில்தான்.

மருந்து எங்கே இருக்கிறது?

ஆக்சிஜனேற்றம்தான் பகை என்றால் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரையை விழுங்கினால் போதாதா? எலிகளில் வைட்டமின்-ஈ நல்ல பாதுகாப்பைத் தந்தது. ஆனால் இதயநோய் அபாயமுள்ள 9,500-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹோப் என்ற ஆய்வு, வைட்டமின்-ஈ மாரடைப்பையோ மரணத்தையோ குறைக்கவில்லை என்று 2000-ல் அறிவித்தது. துளையை மூடும் சைக்ளோஸ்போரினும் 2008-ல் 58 நோயாளிகளிடம் நம்பிக்கை தந்தது. 970 பேரைக் கொண்ட பெரிய ஆய்வில் 2015-ல் பயன் காட்டவில்லை. சேதம் நடக்கும் இடத்துக்கு, நடக்கும் நிமிடத்தில், போதிய அளவில் மருந்து போய்ச் சேர்வது எளிதல்ல.

பலித்தது தொடக்கப் புள்ளியில் கைவைத்த மருந்துதான். பீட்டா ஏற்பியை அடைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளை 1960-களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கினார். 1988-ல் நோபல் பரிசும் பெற்றார். பலவீனமான இதயத்துக்கு அவற்றைக் கொடுப்பது ஆபத்து என்றே அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். 1975-ல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் சகாக்களும் துணிந்து ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் தேறினார்கள். 1999-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், பிசோப்ரொலால், மெட்டோப்ரொலால் ஆகிய இரு மருந்துகளும் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் மரணத்தைத் தலா 34 சதவீதம் குறைத்தன. கால்சியத்தின் வரவைக் குறைத்து இதயத்தை நிதானமாக விரியவிட்டால் மைட்டோகாண்ட்ரியா தன்னைத்தானே மீட்டுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

அட்ரினோகுரோமைப் பற்றி இணையத்தில் உலவும் வதந்திகளையும் இங்கே மறுத்தாக வேண்டும். அது இளமை தரும் அமுதம் என்றும், குழந்தைகளின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்றும் பரப்புகிறார்கள். அத்தனையும் பொய். ஆய்வகத்தில் அட்ரினலினை ஆக்சிஜனேற்றம் செய்தால் கிடைத்துவிடும் சாதாரண வேதிப்பொருள் அது. இளமையையோ ஆயுளையோ கூட்டும் ஆற்றல் எதுவும் அதற்கு இல்லை. இதயத் தசைக்கு அது செய்யும் கேட்டைத்தான் இதுவரை பார்த்தோம்.

வாசகர் இந்த அத்தியாயத்திலிருந்து மூன்றை எடுத்துக்கொண்டால் போதும். பெரும் துக்கத்துக்கோ சண்டைக்கோ பிறகு நெஞ்சு வலித்தாலும் மூச்சு இரைத்தாலும் அதை வெறும் டென்ஷன் என்று தள்ளிவிடாதீர்கள்; குறிப்பாக வீட்டில் வயதான பெண்கள் சொன்னால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த பீட்டா பிளாக்கர் மாத்திரையை, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நீங்களாகவே திடீரென நிறுத்தாதீர்கள். அதற்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளை நம்பிப் பணத்தைச் செலவிடாதீர்கள்.